வெண்ணெய் தடவாதவள்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. எம்பிகியிலிருந்து கம்பாலா வரும் வாடகை வேனில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களுக்குச் சொந்தம். அவர்கள் பேசியதில் பாதி இன்ஜின் சத்தத்தில் போய்விட்டது. மீதியில் எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

"வெண்ணெ தடவலையாம்டி."

"ஐயய்யோ, ஏன்?"

"தப்பு பண்ணாதவளுக்கு வெண்ணெ எதுக்குன்னாளாம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒருத்தி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் பேச்சு தலைப்பின்னலுக்குப் போய்விட்டது.

முன்னால் குனிந்து, அது யார், அப்புறம் என்ன ஆனது என்று கேட்டிருக்கலாம். தெரியாதவர்களிடம் பேச எனக்கு வராது. என் நிறுத்தம் வந்ததும் இறங்கிவிட்டேன். அதனால் இனி வருவதெல்லாம் நானாக இட்டுக்கட்டியது. முடிவு அந்த இரண்டு பெண்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

(அ) "முகீபி செத்த பிறகுதான் அவனுக்கு மசாக்காவில் இன்னொரு குடும்பம் இருந்தது நபோசாவுக்குத் தெரிந்தது."

பொய். அவளுக்கு முன்பே தெரியும். தெருவில் எல்லோருக்கும் தெரியும். இப்படித் தொடங்கினால் இது ஏமாந்த மனைவியின் கதை ஆகிவிடும். நபோசா ஏமாறவில்லை. பொறுத்துக்கொண்டாள். அடித்துவிட்டேன்.

(ஆ) "காலையிலேயே பந்தல் போட்டுவிட்டார்கள். வாழையிலை மூட்டைக்குள் மத்தோக்கே வாழைக்காய் வேகும் மணம்…"

மணத்தோடு தொடங்கும் கதைகளில் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று தோன்றுகிறது. இதையும் விட்டுவிட்டேன்.

(இ) "நபோசா வெண்ணெய்க் குடுவையைத் தள்ளி வைத்தாள்."

இது சரி. ஆனால் இங்கே தொடங்கினால் நீங்கள் கொஞ்ச நேரம் இருட்டில் நிற்க வேண்டும். ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன்.

நபோசா திரைச்சீலைத் துணி விற்பவள். மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி நைரோபி போய் மூட்டை மூட்டையாகத் துணி எடுத்து வருவாள். புருஷன் முகீபி, போன மழைக்காலத்தில் லாரி மோதி இறந்தான். அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தது இரண்டும் பையன்கள், கடைசி கிசா என்ற பெண். துக்கம் கழிக்கும் நாளில் குலத்தார் கூடி வாரிசை உட்கார வைப்பார்கள். விட்டுப்போன பிள்ளைகளைக் குலத்தில் சேர்ப்பார்கள். பையன்களை எப்போதோ சேர்த்தாயிற்று. கிசா பிறந்தது ஊரடங்கில். கூட்டம் கூட முடியவில்லை. ஆகவே அன்றைக்கு அவளுடைய முறை. அவளுடைய தொப்புள்கொடி கூடைக்குப் போக வேண்டும்.*

* காய்ந்து விழும் தொப்புள்கொடித் துண்டை அம்மா பத்திரமாக வைத்திருப்பாள். தண்ணீர், பால், வாழைப்பழக் கள் மூன்றும் கலந்து ஊற்றிய, கசியாதபடி இறுக்கிப் பின்னிய கூடையில் பிள்ளையின் அத்தை அதைப் போடுவாள். மிதந்தால் குலத்துப் பிள்ளை. மூழ்கினால் அம்மா வேறு எவனிடமோ போயிருக்கிறாள். போடுவதற்கு முன் துண்டின்மேல் வெண்ணெய் தடவுவது வழக்கம். ஏன் என்று ஆண்கள் கேட்பதில்லை. பெண்கள் சொல்வதில்லை.

மூழ்கினால் என்ன நடக்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு அதிர்ச்சிக்காக ஒளித்து வைத்தேன் என்று ஆக வேண்டாம். கிசாவுக்கு அப்பாவின் பெயர் இருக்காது. அந்த வீட்டில் இடம் இருக்காது. அவளைக் கூட்டிக்கொண்டு நபோசா வெளியே போக வேண்டும். பையன்கள் குலத்தின் பிள்ளைகள். அவர்கள் வர மாட்டார்கள்.

3

முற்றம். நண்பகல்.

மசாக்காவிலிருந்து ஒருத்தி வந்து மண்டியிட்டாள். கூட ஒரு பையன், ஒரு பெண். அவள் அழவில்லை. பிள்ளைகளை மட்டும் முன்னால் தள்ளினாள்.

"இதுங்க உங்க பிள்ளைங்க."

முகீபியின் அண்ணன் போனிபாசி எழுந்து வந்தார். இப்போது அந்த வீட்டுக்குப் பெரியவர் அவர்தான். பையனின் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார்.

"அடேயப்பா! காது அப்படியே தம்பி காது. டேய், செம்மறிக் கறி தின்பியா?"

"மாட்டேன் பெரியப்பா."

"ஏன்டா, ருசியா இருக்குமே?"

"நம்ம குலச் சின்னம் அது. தின்னக்கூடாது."

முற்றமே கைதட்டியது.

"இதுக்கு மேல என்னய்யா சாட்சி வேணும்? ரத்தம் பேசுது பாரு!"

"பய வெறுங்கையோட போகல. ஊருக்கு ஊரு விதைச்சுட்டுத்தான் போயிருக்கான்."

"மசாக்காவோட நிறுத்திட்டானா, இல்ல இன்னும் வண்டி வருமா?"

சிரிப்பு. பெண்கள் பக்கத்திலும் சிரிப்பு. நபோசாவும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்திருந்தால் பொறாமைக்காரி என்பார்கள். அவள் இரண்டு தட்டில் மத்தோக்கேயும் கடலைக் குழம்பும் வைத்து அந்தப் பிள்ளைகளிடம் கொண்டுபோனாள்.

"அக்கா, மன்னிச்சுக்குங்க," என்றாள் மசாக்காக்காரி, தலையைத் தூக்காமல்.

"முதல்ல பிள்ளைங்க சாப்பிடட்டும். எத்தனை மணிக்குக் கிளம்புனீங்களோ."

(செம்மறிக் கறி தின்னக்கூடாது என்று எந்த ரத்தமும் யாருக்கும் சொல்லித் தராது. வரும் வழியில் அம்மா சொல்லிக் கூட்டி வந்திருப்பாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.)

அந்தப் பிள்ளைகளுக்குக் கூடை வைக்க வேண்டும் என்று முற்றத்தில் யாருக்கும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், முதல் வரைவை எழுதும்போது எனக்கும் தோன்றவில்லை. மூன்றாவது முறை படிக்கும்போதுதான் கை நின்றது.

4

அதற்குக் கொஞ்சம் முன்னால், சமையல்கட்டில். முகீபியின் அக்கா லோவின்சா சுரைக்குடுவையோடு வந்து உட்கார்ந்தாள். கிசாவுக்கு அத்தை. துண்டைக் கூடையில் போட வேண்டியவள் அவள்தான்.

"கொண்டா அதை. நல்லா வழிச்சுத் தடவிடுறேன்."

"வேணாம் அண்ணி."

"என்னது வேணாம்?"

"வெண்ணெ. அப்படியே போடுங்க."

லோவின்சா சிரித்தாள். அப்புறம் நபோசாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"உனக்கென்ன கிறுக்கா? எங்கம்மா எங்க எல்லாருக்கும் தடவுனா. நான் என் பிள்ளைங்களுக்குத் தடவுனேன். உன் பையனுங்களுக்கு யாரு தடவுனா? நான்தான்."

"அப்போ என்னைப் பத்தி யாரும் எதுவும் பேசல. இப்போ வெளியில என்ன பேசுறாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

"நைரோபி பஸ்ஸா?"

"நைரோபி பஸ்ஸுதான். கண்டக்டரோட சிரிச்சேனாம். கிசாவுக்கு அவன் மூக்காம். வெண்ணெ தடவி மிதந்தா, மிதந்தது வெண்ணெதான்னு சொல்லுவாங்க."

"சொல்லிட்டுப் போறாளுங்க. மிதந்துச்சா இல்லையா? போதும்."

"எனக்குப் போதாது அண்ணி."

லோவின்சா வாசலைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"இங்க பாருடி. அந்தக் கூடைக்கு உண்மையும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. ஏதோ நம்மள விட்டுடுது. விடுறப்ப போயிடணும். நின்னு ஏன்னு கேட்கக்கூடாது."

"நான் தப்பு பண்ணல."

"பண்ணலன்னு எனக்குத் தெரியும். அதான் பயமா இருக்கு. பண்ணுனவளா இருந்தா இந்நேரம் ரெண்டு தடவை தடவியிருப்பா."

நபோசா வெண்ணெய்க் குடுவையைத் தள்ளி வைத்தாள்.

5

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. அவள் யோக்கியத்தின் மேல் இல்லை. அவளை யோக்கியமாக்கிய என் மேல்.

இரண்டாவது வரைவில் நைரோபியில் அவளுக்கு ஒருவன் இருந்தான். பெரிதாக ஒன்றுமில்லை. துணிக்கடைக்காரன். மழைக்கு ஒதுங்கும்போது தேநீர் வாங்கிக் கொடுப்பான். அவள் களைத்திருக்கிறாள் என்பதைக் கவனிப்பான். அவ்வளவுதான் தொடங்கினேன், பிறகு அது வளர்ந்துவிட்டது. அந்த வரைவை என் அறைத்தோழியிடம் படிக்கக் கொடுத்தேன்.

"அப்போ இவ மேலயும் தப்பு இருக்குல்ல," என்றாள்.

"முகீபி?"

"அவன் ஆம்பளைடி. அது வேற." சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நான் சொல்லல, ஊரு சொல்லுதுன்னு சொன்னேன்."

அன்றைக்கே துணிக்கடைக்காரனை எடுத்துவிட்டேன். நபோசாவைக் கறையில்லாமல் துடைத்தேன். அவளுக்காக நீங்கள் வருத்தப்பட வேண்டுமானால் அவள் ஒரு தப்பும் செய்திருக்கக்கூடாது. முகீபிக்காக வருத்தப்பட அப்படி ஒரு நிபந்தனையும் இல்லை. அவன் செத்தான் என்று ஒரு வரி எழுதினேன். நீங்கள் ஐயோ பாவம் என்றிருப்பீர்கள்.

அதாவது, உங்களை முற்றத்தில் உட்கார வைப்பதற்கு முன்னால் நானே அவளை ஒரு கூடையில் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

(துணிக்கடைக்காரனைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று இன்னும் யோசிக்கிறேன். தைரியம் வரவில்லை.)

6

ஒரு சோதனை. நான் வேதியியல் படித்தவள், வேலை இல்லாதவள், ஆகவே நேரம் இருக்கிறது.

தொப்புள்கொடிக்கு எங்கே போவது? காய்ந்த இறைச்சித் துண்டுகளை எடுத்துக்கொண்டேன். தண்ணீர், பால், கள். வெண்ணெய் தடவியது மிதந்தது. மறுநாள் காலையிலும் மிதந்துகொண்டிருந்தது. தடவாதது முதலில் மிதந்தது. பிறகு ஈரம் குடித்தது. ஒரு பக்கம் சாய்ந்தது. போய்விட்டது.

இதற்குப் பட்டம் தேவையில்லை. லோவின்சாவுக்குத் தெரியும், அவள் அம்மாவுக்குத் தெரியும். ஆனால் முதன்முதலாகத் தடவியவள் ஒருத்தி இருந்திருப்பாள் அல்லவா? அவளை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். யாரோ ஒரு மகளுக்காகவோ மருமகளுக்காகவோ, யாரும் பார்க்காதபோது விரலில் கொஞ்சம் எடுத்திருப்பாள். இந்தச் சோதனை அநியாயம் என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது. சொல்ல இடம் இல்லை. கையில் வெண்ணெய் இருந்தது.

பெண்ணியம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று வானொலியில் ஒருவர் வாரம் தவறாமல் சொல்கிறார். அந்தப் பெண்ணை எந்த வெள்ளைக்காரனும் பார்த்திருக்க மாட்டான். அவள் செய்ததைச் சமையல்கட்டிலிருந்து முற்றத்துக்குக் கொண்டுவந்து, எல்லோர் முன்னாலும், கூடையே எதற்கு என்று கேட்டால் அதுதான் பெண்ணியம். எனக்குத் தெரிந்த விளக்கம் அவ்வளவுதான். நீளமாக எழுதியிருந்த பக்கங்களைக் கிழித்துவிட்டேன்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். வெண்ணெய் ஒவ்வொருத்தியையும் காப்பாற்றியது. கூடையையும் காப்பாற்றியது. எல்லாம் மிதந்துகொண்டே இருந்ததால் அந்தக் கூடை சரியாகத்தான் சொல்கிறது என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். ஒன்று மூழ்கினால் அது

(இந்த வாக்கியத்தை முடிக்க விருப்பமில்லை.)

7

நபோசா பாயில் காலை நீட்டி உட்கார்ந்தாள், வழக்கப்படி. கிசா ஒட்டி உட்கார்ந்திருந்தாள். புது உடுப்பு கழுத்தில் உறுத்துகிறது என்று சொறிந்துகொண்டிருந்தாள்.

லோவின்சா துண்டைப் போட்டாள். அவள் கை நடுங்கியதாக எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். நடுங்கவில்லை. அவள் நபோசாவைப் பார்க்கவே இல்லை.

மிதந்தது.

"ம்… மிதக்குது, மிதக்குது," என்று யாரோ குலவையிட வாயெடுத்தார்கள். நபோசாவின் மாமியார் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு ஒரு பக்கம் சாய்ந்தது.

போனிபாசி கூடைக்குள் எட்டிப் பார்த்தார். மெதுவாக நிமிர்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. முகீபியின் சவப்பெட்டியைக் கடைசிவரை தூக்கிப் போனவர். கிசாவுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்தவர். கெட்டவராக எழுதியிருந்தால் எனக்கு வேலை சுலபம்.

"அம்மாடி," என்றார். "என்னம்மா இது?"

"மாமா, ஆஸ்பத்திரில சோதனை பண்ணுங்க. உங்க எச்சிலும் அவ எச்சிலும் இருந்தாப் போதும்."

"பண்ணலாம். பையனுங்களுக்கும் சேர்த்துப் பண்ணவா?"

"பண்ணுங்க. மசாக்காப் பிள்ளைங்களுக்கும் பண்ணுங்க."

முற்றம் கொதித்துவிட்டது.

"செத்தவனை அசிங்கப்படுத்துறியா?"

"பதில் சொல்ல அவன் இல்லைன்னுதானே இந்தப் பேச்சு?"

"நான் இருக்கேன்ல," என்றாள் நபோசா. "என்னை அசிங்கப்படுத்தலாமா?"

"வாயப் பாரு அவளுக்கு. பஸ்ஸுல கத்துக்கிட்டதாக்கும்." இதைச் சொன்னது ஒரு பெண். வெண்ணெய் தடவியவள்தான். வேறு எவள் இருக்கிறாள் அங்கே?

மசாக்காக்காரி தன் பிள்ளைகளை இரண்டு கையாலும் இழுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

8

முடிவுகள். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஒவ்வொன்றையும் எழுதிப் பார்த்த பிறகு எடுத்துக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை.

அ. லோவின்சா ரகசியமாகத் தடவியிருக்கிறாள். ஏழாவது பகுதியை மாற்றினால் போதும், துண்டு மிதக்கும். குலவை, பாட்டு, கிசாவுக்குப் பெயர். நபோசா வீட்டில் இருக்கலாம், பையன்களோடு. ஆனால் நாத்தனார் தன்னை நம்பித்தான் தடவினாளா, நம்பாமல் தடவினாளா என்று ஆயுசுக்கும் கேட்க முடியாது. கூடை அடுத்த பெண்ணுக்காகக் கொட்டிலில் காயும்.

ஆ. ஆஸ்பத்திரிச் சோதனை. எனக்குப் பிடித்த முடிவு இதுதான், படிப்புக்கு மரியாதை. நபோசாவின் மூன்று பிள்ளைகளும் மசாக்காப் பிள்ளைகள் இரண்டும் ஒரே அப்பாவின் பிள்ளைகள் என்று வருகிறது. நபோசா ஜெயித்தாள்! கூடவே இன்னொன்றும் வருகிறது: அந்த ஐந்துக்கும் போனிபாசிக்கும் அப்பா வழி பொருந்தவில்லை. அதாவது முகீபிதான் வேறொருவன் மகன். இதை எழுதியபோது கைதட்டினேன். குலத்தின் முகத்தில் கரி! அப்புறம்தான் பார்த்தேன், முற்றத்தில் எல்லோரும் திரும்பி மாமியாரைப் பார்க்கிறார்கள். எந்தக் காலத்தில், யாரிடம், விரும்பியா, விரும்பாமலா, எதுவும் எனக்குத் தெரியாது. அவளை அங்கே உட்கார வைத்தது நான். நபோசா எழுந்து, "அத்தைய விடுங்க, நாங்களே போயிடுறோம்," என்றாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

இ. நபோசா பேசுகிறாள். அவன் ஊர் ஊராகப் போனால் சிங்கம், நான் சோறு சம்பாதிக்கப் பஸ் ஏறினால் வேசியா என்று தொடங்கும் பேச்சு. நிறைய எழுதினேன். ஒவ்வொரு வரியும் சரி. பேசி முடித்ததும், "முடிச்சிட்டியா? மூட்டையக் கட்டு," என்கிறார்கள். எழுதியவளுக்குத்தான் நெஞ்சு லேசானது.

ஈ. போனிபாசி கூடையைக் கவிழ்க்கிறார். "போதும்டா இந்தக் கூத்து," என்கிறார். இதை எழுத எனக்குக் கை வரவில்லை என்று சொல்லமாட்டேன். வந்தது, அழகாகவே வந்தது. ஆனால் அப்போது முழுக்கதையும் ஒரு ஆண் நல்லவனாக இருப்பதற்குக் காத்துக்கொண்டிருந்ததாக ஆகிவிடுகிறது.

எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு பெண்தான் அடியில் கிடக்கிறாள். கதையை மோசமாகக் கட்டிவிட்டேனோ என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

9

ஆகவே நடந்ததில் நிற்கிறேன். நான் இட்டுக்கட்டியதில், மாற்ற முடியாமல் போனதில்.

துண்டு அடியில் கிடக்கிறது. பையன்கள் பெரியப்பாவின் பக்கத்தில், அங்கே நிற்கச் சொன்னதால் நிற்கிறார்கள். மூத்தவன் அம்மாவைப் பார்க்கிறான். யாரோ உள்ளே போய் நபோசாவின் பையை எடுத்து வருகிறார்கள். உதவிதான் அது.

கிசா பாயிலிருந்து எழுந்து கூடைக்குள் எட்டிப் பார்க்கிறாள். யாரும் தடுக்கவில்லை. இனி தடுக்க உரிமை இல்லை என்று நினைத்தார்களோ என்னவோ.

"அம்மா," என்கிறாள். "அண்ணனுங்களோடது மிதந்துச்சுன்னு சொன்னியே. என்னோடது மட்டும் ஏம்மா முங்கிடுச்சு?"

நபோசா என்ன சொல்லப்போகிறாள் என்று லோவின்சா பார்க்கிறாள், மாமியார் பார்க்கிறாள், மசாக்காக்காரி பார்க்கிறாள். அவள் மடியிலிருக்கும் சின்னப் பெண்ணும் பார்க்கிறது.

வெண்ணெய் தடவாததால் என்று சொல்ல வைத்தேன். அப்பா இல்லாததால் என்று சொல்ல வைத்தேன். காய்ந்த பொருள் ஈரம் குடித்தால் எடை கூடும், அவ்வளவுதான் என்றும் சொல்ல வைத்தேன். நான் ஒரு தப்பும் செய்யவில்லை என்று அழவைத்தேன். ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகவும் வைத்தேன். எதையும் இங்கே விட்டுவைக்கவில்லை. நீங்கள் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். என்னைவிடத் தைரியமானவராக இருந்தால் நல்லதாகவே எழுதுவீர்கள்.

எழுதிய பிறகு கிசாவை மட்டும் ஒருமுறை பாருங்கள். நான் எழுதிப் பார்த்த எல்லாப் பதிலுக்கும் அவள், சரி, இது இப்படித்தான் போலிருக்கிறது என்கிற மாதிரி, தலையாட்டினாள்.